மரம் என்னுடையது, நிழல் அவளுடையது

என் செல்ல வாலுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது.

நான் நலம், அப்பா நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. படகுகளும் நலம், சோம்பேறிப் படகு மட்டும் அடியில் ஒழுகியது, தார் பூசி வெயிலில் குப்புறப் போட்டிருக்கிறோம், உன் அப்பா இப்போது அதன் முதுகில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார். நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் நலம் என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுவாய். சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாரோடாவது சண்டை போட்டாயா என்று தனித்தனியாகக் கேட்கிறேன், தனித்தனியாகப் பதில் எழுது. ஊரார் வாய்க்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிறாய், பெற்றவளிடம் வாய் திறந்து நாலு வார்த்தை பேச மட்டும் உனக்கு நேரமில்லை. ஈரத் தலையோடு ஃபேனுக்கு அடியில் படுக்காதே.

போன் இருக்கும்போது ஏன் பேப்பர் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் விட்டுப்போகும். பேப்பரில் சிரித்தால் எனக்குக் கேட்காது, கோபம் கடைசி வரை சூடாக இருக்கும். நான் படித்த நாலாம் வகுப்புக்கு எழுத்து இப்படித்தான் வரும், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள், திருத்தியதை எனக்குச் சொல்லாதே. கோபம் என்ன என்றால், போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் உன் பெரியம்மா தன் போனைத் தூக்கிக்கொண்டு என் படகுத்துறைக்கு வந்தாள். மகாராணி தானாக நடந்து என் பக்கம் வந்தால் ஏதோ வெடிவைக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். நீ உன் போனைத் திறந்தால் முதலில் தெரிகிற படமாக அவளுடைய டீக்கடையை வைத்திருக்கிறாயாம். மஞ்சள் விளக்கு, பெஞ்சு, ஆற்றுத் தண்ணீரில் விளக்கு ஆடுவது, எல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. ஓரத்தில் என் படகு ஒன்றின் மூக்கு மட்டும் தெரிந்தது, அதுவும் சோம்பேறியின் மூக்கு. அந்த மஞ்சள் விளக்கு யோசனையே நீ சொன்னதுதானாம், நீ இருக்கிற ஊர் ஆற்றங்கரையில் அப்படித் தாழ்வாகத் தொங்கவிட்டிருக்கிறார்களாம், நீ படம் எடுத்து அவளுக்கு அனுப்பினாயாம். எனக்கு என்ன அனுப்பினாய்? முழங்கால் தைலம். என் இடத்தில் இன்னமும் டியூப் லைட்தான், அதைச் சுற்றி ஊர்ப் பூச்சியெல்லாம் கல்யாணம் செய்துகொள்கிறது. அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டே அவளை வழியனுப்பினேன், அப்புறம் உன் அப்பாவிடம் போய் அவர் செய்யாத தப்புக்கெல்லாம் திட்டினேன்.

நீ போகும்போது இந்தக் கரை உடைந்த பாட்டிலும் முள்ளுமாகக் கிடந்தது, உனக்கு அந்த முகம்தான் ஞாபகத்தில் இருக்கும். இப்போது நீ வந்தால் வழி கேட்டுத்தான் வரவேண்டும். நகராட்சி கரையைச் சுத்தம் செய்து, ஆறு வருகிற பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்து கல் நட்டு, கல்லுக்குக் கல் துண்டு போட்டுக் குத்தகைக்கு விட்டார்கள் அல்லவா, அதில் ஏழாம் கல் நமக்கும் எட்டாம் கல் பெரியப்பாவுக்கும் விழுந்தது. அண்ணன் தம்பி பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று இரண்டு ஆண்களும் சந்தோஷப்பட்டார்கள், நடுவில் மாட்டிய எங்கள் இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை. குத்தகை என்றால் அது வாடகை வீடு மாதிரி இல்லை. இடத்தை வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது, ஆனால் சும்மாவும் போட்டுவைக்கக்கூடாது, வருகிற ஜனங்களுக்கு உபயோகமாக ஏதாவது செய்துகொண்டே இருக்கவேண்டும், செய்ததெல்லாம் கடைசியில் நகராட்சிக்கே. பெண்ணைப் பெற்று வளர்த்துப் பல் செய்கிற ஊருக்கு அனுப்புகிற மாதிரிதான். தண்ணீர் ஓரமாகப் போகிற நடைபாதை மட்டும் யாருக்கும் குத்தகை கிடையாது, அதில் ஒரு செருப்பைக்கூட நம்முடையது என்று விட்டுவைக்கக்கூடாது.

உன் அப்பா தண்ணீருக்குள் இறங்குகிற சரிவு ஒன்றைக் கட்டினார், கைப்பிடிக் கம்பியோடு. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்கூட அதில் இறங்கிப் படகு ஏறலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஏறினவர்கள் திரும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மகாராணி என்ன செய்தாள், தரை போட்டாள், மரப் பெஞ்சு போட்டாள், பின்னால் கழிப்பறை கட்டி உள்ளே கண்ணாடி மாட்டினாள். கண்ணாடி! என் படகில் ஏறி வேர்த்து இறங்குகிற ஜனம் நேராக அங்கே போய்த் தலை சீவிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து, அங்கேயே டீயும் பன்னும் சாப்பிட்டு, கரை என்ன அழகாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போகும். துடுப்புப் போட்டுத் தோள் நோகிறது எங்களுக்கு, அழகு என்று பேர் வாங்குகிறது அவள் கடை. எனக்கு வயிறு எரியாதா? உனக்கு எரிந்திருக்கும், நீ என் மகள்.

ஆகையால்தான் அந்த வாதாம் மரத்தை வைத்தேன். நீ ஊரை விட்டுப் போன அடுத்த வருஷம் வைத்தது, நிழலுக்கு என்று உன்னிடம் சொன்னேன், பொய். இரண்டு கல்லுக்கும் நடுவில், நம் பக்கத்தில், சரியாக எந்த இடத்தில் நின்றால் அவள் கடை நம் துறையிலிருந்து தெரியாதோ அந்த இடம் பார்த்து வைத்தேன். படகுக்குக் காத்திருக்கிறவர்கள் கண்ணில் அவள் விளக்கும் பெஞ்சும் படக்கூடாது, அவ்வளவுதான் என் திட்டம். வாதாம் மரம் குடைக்கு மேல் குடை பிடித்த மாதிரி கிளையை விரித்துக்கொண்டு மளமளவென்று வளர்ந்தது, நானும் தினம் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். கெட்டிக்காரி உன் அம்மா ஒன்றை மறந்துவிட்டாள். ஆறு வருகிற பக்கம்தான் சூரியன் இறங்குகிற பக்கம். காலையில் நிழல் நம் பக்கம் விழும், காலையில் கரைக்கு வருவது நாய்களும் நடைப்பயிற்சி டாக்டரும்தான். ஜனம் திரண்டு வருகிற சாயங்காலத்தில் நிழல் முழுக்க அவள் பெஞ்சின் மேல் விழும். நம் துறையில் வெயில் முகத்தில் அடிக்கும். இதோடு முடிந்ததா, சாயங்காலக் காற்று அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் அடிக்கும், உதிர்கிற இலையெல்லாம் நமக்கு. நிழல் அங்கே, குப்பை இங்கே. பெரிய இலை வேறு, ஒவ்வொன்றும் அப்பளம் அகலம். நான் துடைப்பத்தோடு நிற்பேன், அவள் நிழலில் நின்று, பாவம் சின்னவளுக்கு எவ்வளவு வேலை என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வாள். உன் அப்பா இதைக் கவனித்த அன்று சோம்பேறியின் மேல் படுத்துச் சிரித்தார், பெரியப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்த இரண்டு பேருக்கும் பொறாமை என்கிற உறுப்பே கிடையாது, மாமியார் எதைக் கொடுத்து வளர்த்தார்களோ.

சரி, இப்போது நடந்த விஷயத்துக்கு வருகிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படி, முடிவு நல்லதுதான், ஆனால் பாதி நல்லது. கோடை ஆரம்பத்தில் நகராட்சியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், சின்னச் சின்னக் குத்தகையெல்லாம் முடிகிறது, இனிமேல் நீண்ட குத்தகைதான் என்று. யார் யார் தங்கள் துண்டில் ஜனங்களுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று நேரில் பார்த்து மதிப்பெண் போடுவார்களாம், நிழல் இருக்கிறதா, உட்கார இடம் இருக்கிறதா, கழிப்பறை உண்டா, தண்ணீரில் இறங்க வழி உண்டா, நடைபாதை அடைபடாமல் இருக்கிறதா என்று. தேறினால் இடம் நம்மிடமே இருக்கும். தேறாவிட்டால் வெளியிலிருந்து வந்திருக்கிற ஒரு கம்பெனி மொத்தமாகக் கேட்கிறது, வரிசையாகக் கண்ணாடியில் ஓட்டல் கட்டுவார்களாம். இதைக் கேட்ட அன்று உன் அப்பா சரிவின் கைப்பிடிக் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அவருக்கு வேறு வேலை தெரியாது, படகை எடுத்துக்கொண்டு போய் ரோட்டிலா மிதக்கவிட முடியும்? உனக்குச் சொல்லவேண்டாம் என்றார், நீ அங்கே தனியாகக் கவலைப்படுவாய் என்று. அதனால்தான் நீ போனில் கேட்டபோதெல்லாம் நான் முழங்காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை என்று வந்த பிறகு எனக்கு இன்னும் ஆத்திரம். உட்கார இடம் நம்மிடம் கிடையாது, கழிப்பறை கிடையாது. நம்மிடம் இருப்பது சரிவும் மரமும். மரத்தின் நிழலோ அவளிடம். எட்டாம் கல்லில் நல்ல நிழல் என்று அவளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டால் நான் நட்ட மரத்தால் அவள் பாஸ், நான் பெயில். ராத்திரி பகலாக யோசித்து, அவள் பக்கத்துக் கிளைகளைக் கழித்துவிடுவது என்று முடிவு செய்து, பக்கத்துத் தச்சரிடம் ரம்பம் கேட்டுவைத்தேன். அப்பாதான் தடுத்தார், அதுவும் எப்படி என்றால், குத்தகை நிலத்து மரத்தில் நகராட்சியைக் கேட்காமல் கை வைத்தால் அதற்கே இடத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று. நான் நட்டது, நான் கூட்டுவது, என் மரத்தை வெட்ட எனக்கு உரிமை இல்லை. ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன், தச்சர் வாங்கிக்கொண்டு சிரித்தார். இந்தக் கரையில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

மதிப்பெண் போட வருகிறவரை நாங்கள் டேப்பு சார் என்போம். இடுப்பில் எப்போதும் அளவு டேப்பு, உட்காரச் சொன்னால் நாற்காலியை அளந்துவிட்டு உட்காருகிற ஆள். காலையில் வருவார் என்று நினைத்தேன், காலையில் வந்தால் நிழல் நம் பக்கம், விடிந்ததும் தரையைக் கூட்டிக் கழுவி வீட்டு நாற்காலிகளைக்கூடக் கொண்டுவந்து போட்டுவைத்தேன். மனுஷன் சாயங்காலம் வந்தார், ஜனம் இருக்கும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றாராம். வந்தபோது நான் போட்ட நாற்காலிகள் வெயிலில் காய்கின்றன, ஒரு ஈகூட உட்காரவில்லை. எட்டாம் கல்லில் கூட்டம் நெரிகிறது. ஆனால் அங்கேயும் ஒரு வினை காத்திருந்தது. கோடையில் சாயங்காலம் ஆக ஆக நிழல் ஆற்றுப் பக்கம் நகரும், உட்கார்ந்திருக்கிற ஜனம் சும்மா இருக்குமா, பெஞ்சை இழுத்துக்கொண்டு நிழல் பின்னாலேயே போகும். அவர் வந்த நேரத்தில் மகாராணியின் பெஞ்சுகள் எல்லாம் நடைபாதையில் குறுக்காக நிற்கின்றன, குழந்தை வண்டி தள்ளி வந்த ஒரு அம்மா போக வழியில்லாமல் நிற்கிறாள். டேப்பு சார் டேப்பை உருவினார். என் மனசுக்குள் பாட்டுப் பாடியது, பொய் சொல்வானேன். மாட்டினாள் என்று நினைத்தேன். வாயில் வெற்றிலை இல்லாமலே மென்றுகொண்டு நின்றேன்.

அவர் முதலில் பெஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை. மேலே பார்த்தார். நல்ல நிழல், இதை நீங்கள் வைத்ததா என்று உன் பெரியம்மாவைக் கேட்டார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், அவளுக்கு மதிப்பெண் விழும். கிளை அவள் தலைக்கு மேல், அடிமரம் கூட்டத்தில் மறைந்து நிற்கிறது, அவருக்கு எப்படித் தெரியும்? நான் கையைத் தூக்கப் போனேன். அதற்குள் அவள் சொன்னாள்:

“நிழல் விழறது எங்க பக்கம் சார். மரம் என் ஓரகத்தியோடது. அவ பேர்ல எழுதிக்குங்க.”

எனக்கு என்ன வந்தது தெரியுமா? நன்றி வரவில்லை. வயிறு இன்னும் எரிந்தது. பெஞ்சு அவளுடையது, விளக்கு அவளுடையது, என் மகளின் போன் படம் அவளுடையது, கடைசியில் பெருந்தன்மையும் அவளுடையதா? அதையாவது எனக்கு விட்டுவைத்திருக்கக்கூடாதா? அத்தனை ஜனத்துக்கு முன்னால் எனக்கு ஒரு மரத்தைத் தானம் கொடுத்துவிட்டு, என் மரத்தையே கொடுத்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி டீ ஆற்றுகிறாள். நானும் ஏதாவது செய்யாவிட்டால் என் மானம் போய்விடும் என்று தோன்றியது, அதனால்தான் வாயைத் திறந்தேன், அன்பால் இல்லை. அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பி யார் இதைப் பாதையில் போட்டது என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டு, பெஞ்சு நடக்கவில்லை சார், என் மரத்து நிழல்தான் நடக்கிறது, ஜனம் அதன் பின்னால் போகிறது, திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள் என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் வாயைக் கோணி ஒரு சிரிப்புச் சிரித்தார், சிரித்துக்கொண்டே நடைபாதையை அளந்து அவளுக்குக் கழிக்கவேண்டியதைக் கழித்தார். எனக்கும் உட்கார இடமில்லை, கழிப்பறை இல்லை என்று கழித்தார். சிரிப்பு வேறு, அளவு வேறு அவருக்கு.

போகிறபோது எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார். தனித்தனியாகப் பார்த்தால் ஏழும் தேறாது எட்டும் தேறாது, இதில் இல்லாதது அதில் இருக்கிறது, அதில் இல்லாதது இதில் இருக்கிறது, இரண்டு கல்லையும் சேர்த்து ஒரே குத்தகையாகக் கேட்டால் இந்தக் கரையிலேயே நல்ல இடம் இதுதான் என்றார். ஒரே பத்திரம், இரண்டு கையெழுத்து, நடைபாதை ஓரமாக ஒரு கோடு போட்டு பெஞ்சு அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கோடைக் கூட்டமும் ஆடிப்பெருக்கும் காத்திருக்காது, மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றார். ஆண்கள் இரண்டு பேரும் அங்கேயே கையைக் குலுக்கிக்கொண்டார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே கேள்விதான், யார் பெயர் மேலே? பத்திரத்தில் மேலே இருக்கிற பெயர்தான் பலகையிலும் மேலே வரும். மூத்தவள் நான்தானே என்று அவள் பெரியப்பாவிடம் சொல்ல, படகுக்குத்தானே ஜனம் வருகிறது, டீக்கா ஆற்றுக்கு வருகிறார்கள் என்று நான் உன் அப்பாவிடம் சொல்ல, அண்ணனும் தம்பியும் தபால்காரர்கள் மாதிரி நடுவில் நடந்தார்கள். மாதம் கரைந்துகொண்டே போனது. நான் அவள் டீயைக் குடிப்பதை நிறுத்தினேன், அவள் கழிப்பறைக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்தாள். சின்னப்பிள்ளைகள்கூட இப்படி அடித்துக்கொள்ளாது, நீ உன் அறைத்தோழியோடு இப்படி இருக்காதே, பாத்திரம் யார் கழுவுவது என்கிற சண்டையை எல்லாம் அன்றன்றைக்கே முடித்துவிடு.

முடித்துவைத்தது அந்தக் கண்ணாடி ஓட்டல் கம்பெனிக்காரன். ஒரு நாள் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்தான், கூட இன்னொருத்தன் கேமராவோடு. நம் மரத்தடியில் நின்று, இங்கே மேசை, அங்கே கார் என்று கையை நீட்டி நீட்டிப் பேசினான், நான் இலை கூட்டிக்கொண்டிருந்தேன், என்னை நகராட்சி ஆள் என்று நினைத்து, கொஞ்சம் தள்ளி நில்லும்மா என்றான். அப்புறம் மரத்தைத் தட்டி, இதை முதலில் அனுமதி வாங்கி எடுத்துவிடவேண்டும், ஆற்றை மறைக்கிறது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை, எந்த முட்டாள் இங்கே கொண்டுவந்து வைத்தானோ என்றான். எனக்கு வாய் வரவில்லை. உனக்குத் தெரியுமே, எனக்கு வாய் வராமல் போன நாளே கிடையாது. மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீக் கரண்டியோடு உன் பெரியம்மா வந்தாள்.

“மறைக்கறதுக்குத்தாங்க வெச்சா. என் கடையை மறைக்க. அது எங்க குடும்ப விஷயம், உங்களுக்கென்ன?”

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கம்பெனிக்காரன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேமராக்காரனைக் கூட்டிக்கொண்டு ஒன்பதாம் கல்லைப் பார்க்கப் போனான். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், காது இரண்டும் நெருப்பாகக் கொதிக்கிறது. தெரியுமா என்று கேட்டேன். கன்றாக இருந்தபோதே தெரியும் என்றாள், குழி தோண்டும்போது நீ என் கடையையும் உன் துறையையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பார்த்துத் தோண்டினாயே, குருடிக்கே தெரியும் என்றாள். அது மட்டுமா, அப்பாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த கோடையில் கன்று எப்படிப் பிழைத்தது, நீயே சொல். மழையால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மகாராணிதான் ஆற்றிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கப் போனது, நல்ல வேளையாக அவளே அதையும் கெடுத்தாள். சாயங்காலம் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று அன்றைக்கே பார்த்துவிட்டேன், இல்லாவிட்டால் உன் மரத்துக்கு நான் ஏன் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றாள். ராட்சசி. கண்ணீர் வந்த வழியே திரும்பிவிட்டது. ஆனால் அவளும் ஒன்று சொன்னாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் படகிலிருந்து இறங்கி வரும்போது அவர்கள் முகத்தில் இருக்கிற மாதிரி ஒரு சந்தோஷம் தன் டீயைக் குடித்து ஒருத்தர் முகத்திலும் பார்த்ததில்லையாம். அன்றைக்கு அவள் டீயைக் குடித்தேன். நன்றாகத்தான் போடுகிறாள், என்ன செய்ய.

மறுநாளே நாலு பேரும் ஆபீஸுக்குப் போனோம். யார் பெயர் மேலே என்பதை டேப்பு சாரே முடிவு செய்யட்டும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம், அவள் மூத்தவள் என்று உள்ளூர நிம்மதியாக வந்தாள், அது அவள் நடையிலேயே தெரிந்தது, நான் தோற்கத் தயாராக வந்தேன். டேப்பு சார் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரைக் குத்தகையில் வயசு பார்ப்பதில்லை, தொழில் பார்ப்பதில்லை, ஆறு வருகிற பக்கத்திலிருந்துதான் எழுதுவோம், ஏழு முதலில், எட்டு அப்புறம் என்றார். ஆறே எனக்குச் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. உன் பெரியம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும், படம் எடுத்து நான் என் போனில் வைத்திருப்பேன். ஆற்றுக்குத் தெரியுமா பெரியவள் சின்னவள் என்று படி இறங்கும் வரை முணுமுணுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன், அவ்வளவு நல்லவளாகிவிட்டேன், ஜெயித்தவர்களுக்கு அது சுலபம். இடம் நம்மிடம் தங்கிவிட்டது கண்ணு. அப்பா திரும்பி வந்து சரிவின் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார்.

இப்போது நடைபாதை ஓரம் மஞ்சள் கோடு போட்டாயிற்று, பெஞ்சு அதைத் தாண்டினால் சத்தம் போடுகிற வேலை எனக்கு, சந்தோஷமாகப் போடுகிறேன். பெஞ்சில் பாதி நம் பக்கம் வந்துவிட்டது, கண்ணாடியும் திரும்ப ஏறிவிட்டது. ஆனால் அவள் சும்மா விடுவாளா? பலகையில் என் பெயர் மேலே வந்த மறுநாள் ஏணி போட்டு ஏறி, நீ யோசனை சொன்ன அந்த மஞ்சள் விளக்குகளை என் மரத்தில் கட்டிவிட்டாள், அடியிலிருந்து நுனி வரை. ஒரே குத்தகைதானே என்கிறாள். என் மரம், அவள் விளக்கு. வருகிறவன் போகிறவனெல்லாம் விளக்கு அழகு என்கிறான், மரம் அழகு என்று ஒருத்தன் சொல்லவில்லை. நேற்று அப்பாவைத் துடுப்புப் போடச் சொல்லி நடு ஆற்றுக்குப் போய் அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். இலையும் விளக்கும் தண்ணீரில் அதன் ஆட்டமுமாக, எது யாருடையது என்று தெரியவில்லை. அப்பா துடுப்பை நிறுத்திவிட்டு வெகு நேரம் பார்த்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஆகையால் இதை மட்டும் மறக்காதே. லீவு கிடைத்ததும் வா, வந்ததும் உன் போனில் இருக்கிற அந்தப் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுசு போடு. கரையிலிருந்து எடுத்தால் அவள் கடைதான் விழும். நடு ஆற்றிலிருந்து எடு. அதற்கு நீ என் படகில்தான் ஏறவேண்டும், மகாராணியிடம் படகு கிடையாது.

நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, என் பொறாமையில் பாதி உனக்கு இருந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போகிற வழியெல்லாம் நிழல் உன் பக்கமே விழட்டும். அப்பாவின் ஆசியும், கேட்காமலே உள்ளே நுழைந்து கடைசி வரியைப் படித்துவிட்டுத் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி என் தோளைக் குத்துகிற பெரியம்மாவின் ஆசியும் உனக்கு.

இப்படிக்கு,
ஏழாம் கல், முதல் பெயர்க்காரி,
உன் அம்மா.